பனிக்காலத்தில் துளிர்க்கும் கிரேன்ஃபிளை ஆர்க்கிட்

ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் காட்டுக்குள் நடந்தால் கண்ணில் படுவது இரண்டே நிறம்தான், சருகின் பழுப்பும் மரத்தண்டின் சாம்பலும். ஓக், பீச், டுலிப் பாப்லர் எல்லாம் மொட்டையாக நிற்கும், பறவைச் சத்தம்கூடக் குறைவு. அப்படி ஒரு காலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் சருகுக்கு நடுவே ஒற்றை இலை ஒன்றைப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு, முட்டை வடிவம், நீளவாட்டில் ஓடும் நரம்புகள், மேலே அங்கங்கே தடித்த ஊதாப் புள்ளிகள். தண்டும் இல்லை, பக்கத்தில் வேறு இலையும் இல்லை. குனிந்து விரலால் புரட்டிப் பார்த்தபோதுதான் அசந்துபோனேன். அடிப்பக்கம் முழுக்க நல்ல கத்தரிக்காய் நிறம், பட்டுத்துணி மாதிரி ஒரு மினுமினுப்போடு.

அது ஒரு ஆர்க்கிட். இங்கே கிரேன்ஃபிளை ஆர்க்கிட் என்பார்கள், தாவரவியல் பெயர் டிப்புலேரியா டிஸ்கலர். ஆர்க்கிட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பூக்கடையில் தண்ணீர்க் குப்பியில் செருகி வைத்திருக்கும் ஊதா டென்ட்ரோபியமோ, ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு தொங்கும் செடிகளோதான். மண்ணில் வேர்விட்டு, பனி பெய்யும் நாட்டில், யார் கண்ணையும் இழுக்காமல் வாழும் ஆர்க்கிட்டுகளும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 200க்கு மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் இயற்கையாக வளர்கின்றன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை மண்ணில் வளர்பவைதான். அதில் இந்தச் செடியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத ஒரு காரணம் இருக்கிறது. இதன் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு விசித்திரத்துக்கும், இலையின் நிறம் முதல் விதை முளைக்கும் இடம் வரை, பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் காட்டைப் பார்க்கும் கண்ணே கொஞ்சம் மாறிவிடுகிறது.

முதலில் பெயர். கிரேன்ஃபிளை என்பது கொசுவைப் பெரிதாக்கி, காலை இன்னும் நீட்டிவிட்டது போன்ற ஒரு பூச்சி. கடிக்காது. அதன் பேரினப் பெயர் டிப்புலா. இந்தப் பூவும் தூரத்தில் இருந்து பார்க்க, மெல்லிய கம்பி ஒன்றில் அந்தப் பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது போலத் தெரியும், அதனால் டிப்புலேரியா. டிஸ்கலர் என்றால் இருவேறு நிறமுடையது, அதாவது மேலே பச்சை, கீழே ஊதா. முதலில் தாவரவியலாளர் ஃபிரெடரிக் பர்ஷ் இதை ஆர்க்கிஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார், 1818இல் இன்னொரு தாவரவியலாளர் தாமஸ் நட்டால் பிரித்து இப்போதைய பெயரைக் கொடுத்தார். வடக்கே மாசச்சூசெட்ஸ் தொடங்கித் தெற்கே ஃபுளோரிடா, மேற்கே டெக்சாஸ் வரைக்கும் இலையுதிர் காடுகளில் இருக்கிறது. தென்கிழக்கு மாநிலங்களில் பரவலாகவே கிடைக்கும், வடக்கு எல்லையில்தான் அரிது.

சரி, கணக்குக்கு வருவோம். இலையுதிர் காட்டில் தரையில் வாழும் ஒரு சிறு செடிக்குப் பெரிய பிரச்சினை வெளிச்சம். மே மாதம் மேலே மரங்கள் இலைவிட்டு மூடிக்கொண்டால் அக்டோபர் வரைக்கும் தரைக்கு வந்து சேரும் வெயில் நூற்றில் சில பங்குதான். பெரும்பாலான காட்டுச் செடிகள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி, மரங்கள் விழித்துக்கொள்வதற்கு முன்னால் மார்ச், ஏப்ரலில் அவசர அவசரமாக இலைவிட்டு, பூத்து, காய்த்து முடித்துவிடுவது. கிரேன்ஃபிளை ஆர்க்கிட் அந்த வரிசையில் போய் நிற்கவில்லை. இது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, எல்லாச் செடியும் கடையைக் கட்டும் நேரத்தில், புது இலையை விரிக்கிறது. மரங்கள் இலையைக் கொட்ட ஆரம்பித்ததும் வானம் திறந்துவிடுகிறது, அடுத்த ஐந்தாறு மாதத்துக்குத் தரையில் விழும் வெயில் ஏறக்குறைய முழுவதும் இதற்கும் இதைப் போன்ற ஒருசில செடிகளுக்கும்தான். தண்ணீர் உறையும் நாட்களில் ஒளிச்சேர்க்கை நடக்காது, ஆனால் இங்கே பனிக்காலம் முழுவதும் உறைபனி என்பது கிடையாது, நடுவில் இளவெயில் நாட்கள் நிறைய வரும். அப்போது காற்று குளிராக இருந்தாலும் சருகை ஒட்டிக் கிடக்கும் இலை வெயிலில் கொஞ்சம் சூடேறி வேலையைத் தொடங்கிவிடும். மேலே மரங்கள் துளிர்த்து மூடும் மே மாதம் இந்த இலை மஞ்சளடித்துச் சுருங்கிக் காணாமல் போகும்.

பூ எப்போது? ஜூலை, ஆகஸ்டில். அதாவது இலை போய் இரண்டு மாதம் ஆன பிறகு, காடு இருட்டாக இருக்கும் நேரத்தில், வெறும் தரையில் இருந்து ஒரு பழுப்பேறிய கம்பி மட்டும் எழுந்து நிற்கும். ஒரே செடியின் இலையையும் பூவையும் ஒரே நாளில் யாரும் பார்க்க முடியாது. எனக்கும் முதல் வருடம் இது தெரியாது. ஜூன் மாதம் போய்த் தேடினால் இலை இருந்த இடம் காலி, மான் தின்றுவிட்டது என்று வருத்தத்தோடு திரும்பி வந்தேன். அடுத்த வருடம் ஜூலைக் கடைசியில் அதே இடத்தில் ஒன்றரை அடிக் கம்பி ஒன்றில் பூக்கள் நின்றுகொண்டிருந்தன, காலால் மிதிக்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

இலை இல்லாத நேரத்தில் பூக்கச் செலவுக்கு எங்கே போவது? மண்ணுக்கு அடியில் இருக்கிறது சேமிப்பு. இதன் கிழங்கு சேப்பங்கிழங்கு வகை, அதாவது வேர் பருத்து ஆனது அல்ல, தண்டின் அடி பருத்து ஆனது. ஆனால் சேப்பங்கிழங்கை விட மிகச் சிறியது. ஒவ்வோர் ஆண்டும் முன்பக்கம் ஒரு புதுக் கிழங்கு உருவாகும், போன வருடத்துக் கிழங்கு அதற்குப் பின்னால், அதற்கு முந்தைய வருடத்தது அதற்கும் பின்னால் என்று சங்கிலி போலக் கோத்திருக்கும். புது இலை முளைப்பது முன்னால் இருக்கும் இளங்கிழங்கில் இருந்து. பனிக்காலம் முழுக்க அந்த ஒற்றை இலை சம்பாதிப்பது கிழங்குகளில் போய்ச் சேர்கிறது, கோடையில் செடி அதை எடுத்துச் செலவழிக்கிறது. ஒரு பருவத்துக்கு ஒரே ஓர் இலை என்பதால் அதற்கு ஏதாவது ஆனால் பாதிப்பு அடுத்த ஆண்டிலும் தெரியும். இலையை வெட்டிவிட்டுப் பார்த்த சோதனைகளில் அந்தச் செடிகள் மறு வருடம் சிறிய இலைதான் விட்டன.

அந்த ஊதா அடிப்பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பார்க்கும் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். நிறமி அந்தோசயனின், கத்தரிக்காய்த் தோலுக்கும் நாவல் பழத்துக்கும் நிறம் கொடுக்கும் அதே குடும்பம். எதற்கு என்பதில் பல விளக்கங்கள் உண்டு. இலைக்குள் நுழைந்து பயன்படாமல் வெளியேறப் போகும் ஒளியை ஊதா அடுக்கு மறுபடி மேலே திருப்பிவிடுகிறது என்பது பழைய விளக்கம். இன்னொன்று, கடுங்குளிரில் வெயில் மட்டும் பளிச்சென்று அடிக்கும்போது இலை அந்த வெளிச்சத்தைச் செலவழிக்க முடியாமல் திணறும், அதனால் பச்சையம் சேதமாகும், அதற்கு இந்த நிறமி ஒரு குடை. மூன்றாவது, பழுப்புச் சருகில் பச்சை இலையை மறைத்து மேய வரும் மிருகங்களை ஏமாற்ற. மேல்புறப் புள்ளிகளைப் பார்க்கும்போது எனக்கு மூன்றாவதில் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது, புள்ளி விழுந்த இலை சருகுக்கு நடுவே உண்மையிலேயே கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆனால் சருகில் படுத்துக் கிடக்கும் அடிப்பக்கத்தை எந்த மான் பார்க்கப் போகிறது? அதனால் ஒரே நிறமி ஒரே செடியில் இடத்துக்கு ஒரு வேலை செய்வதாக இருக்கலாம் என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இதே காட்டில் இதே காலத்தில் ஒற்றை இலை விடும் இன்னோர் ஆர்க்கிட் உண்டு, பட்டிரூட் என்பார்கள். அதன் இலை நீளமாக, விசிறி மடிப்பு மடிப்பாக, வெள்ளைக் கோடுகளோடு இருக்கும். சந்தேகமாக இருந்தால் புரட்டிப் பாருங்கள். அடர் ஊதா என்றால் பெரும்பாலும் நம் ஆள்தான்.

இப்போது பூ. ஒரு கம்பியில் 20 முதல் 40 பூக்கள் வரை இருக்கும், ஒவ்வொன்றும் விரல்நகம் அளவு. நிறம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, பச்சையும் பழுப்பும் ஊதாவும் கலந்த மங்கல். புகைப்படம் எடுக்கப் போனால் பின்னால் இருக்கும் சருகோடு கரைந்துவிடும். பூவுக்குப் பின்னால் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய வால் போல ஒரு குழல் நீண்டிருக்கும், அதன் நுனியில்தான் தேன். இவ்வளவு நீளமான குழலுக்குள் தேனீயின் நாக்கு எட்டாது. மங்கல் நிறம், நீளக் குழல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே வருகிறவர் யாரென்று தெரிந்துவிடும், இரவில் பறக்கும் அந்துப்பூச்சி. இங்கே வருபவற்றில் ஒன்று படைப்புழுவின் தாய் அந்து. 2018 முதல் நம் ஊர் மக்காச்சோளத்தை அழித்த படைப்புழு வேறு இனம், ஆனால் குடும்பம் ஒன்றுதான். புழுவாக இருக்கும்போது பயிரைத் தின்னும் அதே பூச்சி, இறக்கை முளைத்த பிறகு ஒரு காட்டு ஆர்க்கிட்டின் மகரந்தத்தைச் சுமக்கிறது.

ஆர்க்கிட் பூக்கள் பொதுவாக முகம் போன்றவை, நடுவில் கோடு போட்டால் இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒத்திருக்கும். கிரேன்ஃபிளை ஆர்க்கிட் அந்தக் குடும்ப வழக்கத்தை மீறியிருக்கிறது. இதன் பூ கோணலானது. மேல் இதழ்களில் ஒன்று பக்கத்து இதழின் மேல் ஏறிக்கொள்ளும், ஆணும் பெண்ணும் சேர்ந்த நடுத்தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சில பூக்கள் இடப்பக்கம், சில வலப்பக்கம், ஒரே கம்பியிலேயே இரண்டும் உண்டு. பார்க்கிறவர்கள் பூ சரியாக விரியவில்லை என்று நினைப்பார்கள். ஆனால் அந்தக் கோணலால்தான் வேலை நடக்கிறது. அந்து வந்து உட்கார்ந்து, குழலுக்குள் நாக்கை விட்டுத் தலையைப் பூவுக்குள் அழுத்தும்போது, சாய்ந்து நிற்கும் நடுத்தண்டின் பசை நேராகப் போய் அதன் கண்ணில் ஒட்டிக்கொள்கிறது. ஆர்க்கிட்டின் மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை, சிறு உருண்டையாகத் திரண்டு, காம்பும் பசையுமாக ஒரே பொட்டலம். அந்தப் பொட்டலம் அந்தின் கண்ணில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் சாய்ந்த பூ ஒரு கண்ணில் ஒட்டும், மறுபக்கம் சாய்ந்தது மறு கண்ணில். அடுத்த பூவுக்குப் போகும்போது அதே பக்கம் சாய்ந்த பூவில்தான் அந்தப் பொட்டலம் சரியான இடத்தில் போய்ப் படும்.

ஏன் கண்? அந்துப்பூச்சியைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், விரலெல்லாம் பொடியாகிவிடும். உடம்பு, தலை, இறக்கை எல்லாம் உதிரும் செதிலால் மூடியது, அதில் பசை ஒட்டினால் செதிலோடு சேர்ந்து பொட்டலமும் விழுந்துவிடும். செதில் இல்லாமல் வழுவழுப்பாக இருப்பது கண்ணும் நாக்கும்தான். இதைப் படித்த இரவு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அந்தச் செடிக்கு முன்னால் ஒரு மணி நேரம் கொசுக்கடியோடு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஓர் அந்து வந்தது, அதுவும் வெளிச்சத்தைப் பார்த்துப் போய்விட்டது. அப்புறம் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சோடு இன்னொரு நாள் போனேன். அன்றைக்குப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன், ஒரு கண்ணில் மட்டும் மஞ்சள் பொட்டோடு அந்த அந்து பூவுக்குப் பூ ஏறிக்கொண்டிருந்தது.

ஆனால் இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் பூத்ததெல்லாம் காய்ப்பதில்லை. காய்ப்பது செடிக்கு நல்லதா என்றால் அதுவும் ஒரு கணக்கு. 1989இல் ஆலிசன் ஸ்னோவும் டென்னிஸ் விகமும் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். காய்த்த செடிகளின் கிழங்கும் அடுத்த இலையும் சிறுத்துப்போகின்றன, மறு வருடம் பூக்கும் வாய்ப்பும் குறைகிறது என்று அவர்கள் காட்டினார்கள். எடுப்பது முழுக்கச் சேமிப்பில் இருந்து என்பதால் இது நடக்கிறது. அதனால்தான் பத்து இலை இருக்கும் இடத்தில் அந்த ஆண்டு பூப்பது ஒன்றிரண்டாக இருக்கும், மற்றவை பூக்காமல் இருந்து சேர்த்துக்கொண்டிருக்கும்.

விதை கதை இன்னும் ஆச்சரியம். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் தூசி போன்ற விதைகள். நெல்லுக்குள் அரிசி இருக்கிறது, தேங்காய்க்குள் பருப்பு இருக்கிறது, முளைக்கும் கன்றுக்குக் கட்டுச்சோறு அதுதான். ஆர்க்கிட் விதையில் அந்தக் கட்டுச்சோறே கிடையாது. சில செல்களும் ஒரு மெல்லிய உறையும், அவ்வளவுதான். முளைக்க வேண்டுமென்றால் சரியான பூஞ்சை ஒன்று வந்து விதைக்குள் இழையை விட வேண்டும், விதை அந்த இழையைச் செரித்து அதில் இருந்து உணவு எடுத்துக்கொண்டு, இலையே இல்லாமல் மண்ணுக்குள் ஒரு சிறு உருண்டையாக வளர வேண்டும். பூஞ்சையை நம்பி முளைப்பது எல்லா ஆர்க்கிட்டுக்கும் பொது. கிரேன்ஃபிளை ஆர்க்கிட்டின் தனிச்சிறப்பு, அந்தப் பூஞ்சை அதற்குக் கிடைக்கும் இடம்.

செசபீக் விரிகுடாவை ஒட்டி எட்ஜ்வாட்டர் என்ற ஊரில் ஸ்மித்சோனியன் சூழலியல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே டென்னிஸ் விகமும் டென்மார்க்கைச் சேர்ந்த ஹன்னே ராஸ்முசனும் ஒரு எளிய உத்தியைக் கையாண்டார்கள். தூசி போன்ற விதையை மண்ணில் தூவினால் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் மிக நுண்ணிய நைலான் வலையில் விதையை வைத்து, அந்தக் காலத்துப் புகைப்பட ஸ்லைடுச் சட்டத்துக்குள் பூட்டி, காட்டில் புதைத்துவிட்டார்கள். வலைக்குள் பூஞ்சை போகும், விதை வெளியே வராது. இந்த முறையை 1993இல் வெளியிட்டார்கள். இதே முறையில் கிரேன்ஃபிளை ஆர்க்கிட்டைப் பார்த்து 1998இல் சொன்னது, இதன் விதை முளைப்பதற்கு உளுத்து மக்கிக்கொண்டிருக்கும் மரம் முக்கியம் என்பது. காட்டில் இயற்கையாக முளைத்த கன்றுகளும் மக்கும் மரத்தில்தான் இருந்தன. விதையை வளர்க்கும் பூஞ்சை அந்த மரத்தில் இருக்கிறது.

இதை முதலில் யாரும் கவனிக்காமல் போனதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. வளர்ந்த செடியைப் பார்த்தால் பக்கத்தில் மரத்துண்டு எதுவும் இருக்காது, சாதாரண மண்ணில்தான் இருக்கும். விதை முளைத்த கட்டை அதற்குள் மக்கி மண்ணாகிவிட்டிருக்கும், கிழங்குச் சங்கிலி மட்டும் வருடத்துக்கு ஒன்றாக வளர்ந்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டிருக்கும். இன்றைக்கு நாம் பார்க்கும் செடி எப்போதோ விழுந்த ஒரு மரத்தின் மேல் பிறந்தது.

எனக்குக் கோபம் வரும் இடமும் இதுதான். எங்கள் குடியிருப்பில் நடைபாதை ஓரக் காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு வசந்தத்தில் விழுந்த மரங்களையெல்லாம் அறுத்து அள்ளிக்கொண்டு போனார்கள். பார்க்க அழகாக இருக்கிறதாம். அவர்கள் ஒரு ஆர்க்கிட்டையும் மிதிக்கவில்லை, ஒன்றையும் பிடுங்கவில்லை. இருக்கும் செடிகள் இன்னும் பல ஆண்டு இருக்கும். ஆனால் புதிதாக ஒன்று பிறக்க வேண்டிய இடங்கள் லாரியில் ஏறிப் போய்விட்டன. இந்த நஷ்டம் யார் கண்ணுக்கும் தெரியாது, அதனாலேயே இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோண்டி எடுத்துப் போய்த் தொட்டியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வளர்ந்த பிறகும் இதன் வேரில் பூஞ்சை உறவு தொடர்கிறது, அந்தப் பூஞ்சையைத் தொட்டியில் காப்பாற்றுவது நம்மால் ஆகாது. மாசச்சூசெட்ஸில் இது அழியும் நிலையில் உள்ள செடிகள் பட்டியலில் இருக்கிறது. மற்றொரு பக்கம் வெள்ளைவால் மான்கள், இந்தப் பகுதிக் காடுகளில் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டவை. பனிக்காலத்தில் பச்சை என்று எதைக் கண்டாலும் அவை கடிக்கும். ஒரே இலையை நம்பி இருக்கும் செடிக்கு அது அந்த வருட வருமானம் முழுவதும் போவது போல.

உறவுக்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிப்புலேரியா பேரினத்தில் வட அமெரிக்காவில் இருப்பது இந்த ஓர் இனம்தான். மற்றவை எல்லாம் ஆசியாவில், ஜப்பானில் ஒன்று, சீனாவிலும் தைவானிலும் சில, இமயமலையில் டிப்புலேரியா ஜோசஃபி. அது நம் சிக்கிமிலும் வளர்கிறது. நடுவில் ஒரு பசிபிக் பெருங்கடலே இருக்கிறது. இப்படிக் கிழக்கு ஆசியாவும் கிழக்கு அமெரிக்காவும் செடிகளைப் பங்குபோட்டுக்கொண்டிருப்பதை ஹார்வர்டின் தாவரவியலாளர் ஏசா கிரே 1859இலேயே ஜப்பான் செடிகளை வைத்து எழுதியிருக்கிறார். வட துருவத்தைச் சுற்றி ஒரு காலத்தில் தொடர்ச்சியாக இருந்த காடு, குளிர் கூடக் கூட உடைந்து இரண்டு முனைகளில் எஞ்சியது என்பது இன்றைய விளக்கம். இன்னொரு உறவு கோரல்ரூட் என்ற ஆர்க்கிட், இதே காடுகளில் இருக்கிறது. அது இலையையே அடியோடு கைவிட்டுவிட்டு வாழ்நாள் முழுவதும் பூஞ்சையிடம் இருந்தே உணவு எடுக்கிறது. ஒரே கூட்டத்தில் ஒன்று இலை வேண்டாம் என்று போய்விட்டது, மற்றொன்று இலையைப் பாதி வருடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டது.

தேடிப் பார்க்க விரும்புகிறவர்கள் டிசம்பர் முதல் மார்ச் வரைக்கும் போங்கள், காடு திறந்திருக்கும், இலை தூரத்தில் இருந்தே தெரியும். இலைக்குப் பக்கத்தில் காய்ந்த கம்பி ஒன்று நின்று, அதில் வெடித்த காய்கள் தொங்கினால் அந்தச் செடி போன கோடையில் பூத்தது. பூவைப் பார்க்காத இலை காயை மட்டும் பார்க்கிறது. இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு ஜூலைக் கடைசியில் மறுபடி போனால் பூவையும் பார்த்துவிடலாம், ஆனால் ஒரு செடி அடுத்தடுத்த வருடம் பூக்காமல் போகலாம் என்பதால் நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொள்வது நல்லது.

எங்கள் சரிவில் அறுக்க வந்தவர்கள் விட்டுப்போன டுலிப் பாப்லர் ஒன்று கிடக்கிறது, ஓடைக்கு மிக அருகில் என்பதால் வண்டி இறங்கவில்லை. விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்வாங்கும் பதத்துக்கு வந்துவிட்டது. இந்த நவம்பரில் அதன் மேல் பாசிக்கு நடுவே மூன்று இலைகள் பார்த்தேன், பெரியதே என் சுண்டுவிரல் நகம் அளவுதான். ஒன்றை மெல்லத் தூக்கிப் பார்த்தேன், அடிப்பக்கம் கத்தரிக்காய் நிறம்.